தென்னாப்பிரிக்காவில் தனியார் உளச்சிகிச்சை: தனிநபருக்கும் தம்பதியருக்கும் குடும்பத்துக்குமான முழுமையான வழிகாட்டி

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்கிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் உளச்சிகிச்சையைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடும்போது, சிகிச்சையாளர் சரியில்லை என்றோ இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்றோ காரணம் சொல்லப்படுகிறது. நான் பார்த்தவரையில் கோளாறு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த அறைக்குள் யார் யார் போகப்போகிறார்கள், பணத்தை யார் கட்டுவார்கள், அங்கே பேசியது யார் காதுவரை எட்டும் என்ற மூன்றையும் பேசி முடிக்காமலேயே முதல் சந்திப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எனவே இந்த வழிகாட்டியில் சிகிச்சை முறைகளுக்குக் கொடுக்கும் இடத்தைவிட, இந்த மூன்று கேள்விகளுக்கும் அவற்றைத் தொட்டு நிற்கும் சட்ட விதிகளுக்கும் மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டமான மெடிக்கல் எய்டின் நடைமுறைகளுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: காத்திருக்கக் கூடாத நிலையா என்று பாருங்கள்

தனியார் சிகிச்சையாளரிடம் நேரம் கிடைக்கச் சில நாள்கள் முதல் சில வாரங்கள்வரை ஆகலாம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினாலோ அதற்கான ஏற்பாடுகளைச் செய்தாலோ அந்த வரிசையில் நிற்கவே கூடாது. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரை உடனே அழைத்துச் செல்லுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவான சாடாக் நடத்தும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567. குடும்ப வன்முறைக்கான அரசின் உதவி மையம் 0800 428 428. கைப்பேசியிலிருந்து எந்த அவசரத்துக்கும் 112. சிகிச்சைக்கு வர மறுக்கும் நிலையில், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக மாறியிருக்கும் ஒருவரை என்ன செய்வது என்பதற்கு 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி சொல்கிறது. குடும்பத்தார் விண்ணப்பித்தால், மருத்துவர்கள் பரிசோதித்து ஒப்புக்கொண்ட பிறகு, 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்து அவரை மதிப்பிடலாம்.

இப்படிப்பட்ட அவசரம் எதுவும் இல்லையென்றால், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அடுத்த படிகளை நிதானமாகச் செய்வதில் தவறில்லை.

படி 2: யார் என்ன வேலை செய்பவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் மருத்துவம் படித்துப் பின்பு மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தரலாம். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை தருகிறார். உளவியலாளர்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. மருத்துவ உளவியலாளர் மனச்சோர்வு, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறு, கடும் அதிர்ச்சி போன்ற நோய்நிலைகளைக் கையாளப் பயின்றவர். ஆலோசனை உளவியலாளர் வாழ்க்கைச் சிக்கல்கள், உறவுகள், இழப்புகள் ஆகியவற்றில் அதிகம் பணிபுரிபவர். கல்வி உளவியலாளர் குழந்தைகளின் கற்றலையும் வளர்ச்சியையும் பார்ப்பவர். இவர்கள் அனைவரும் முதுகலைப் பட்டமும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் முடித்தவர்கள். மருத்துவ உளவியலாளர் அதற்குமேல் ஓராண்டு சமூகச் சேவையும் செய்திருக்க வேண்டும்.

இவர்களைத் தவிர, பதிவுபெற்ற ஆலோசகர்களும் சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். குடும்பத் தகராறுகளில் அனுபவமிக்க சமூகப் பணியாளர் ஒருவர் பல உளவியலாளர்களைவிடப் பயனுள்ளவராக இருப்பதுண்டு. பட்டத்தின் உயரத்தை மட்டும் பார்த்து அவரைத் தள்ளிவிட வேண்டாம்.

எச்பிசிஎஸ்ஏ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் சுகாதாரத் தொழில்முறை மன்றத்தில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் பதிவுசெய்திருக்க வேண்டும். உளவியலாளரின் பதிவு எண் பிஎஸ் என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த மன்றத்தின் இணையதளத்தில் ஐரெஜிஸ்டர் என்ற தேடல் பக்கம் இருக்கிறது. பெயரை இட்டால், பதிவு நடப்பில் உள்ளதா, எந்தப் பிரிவில் உள்ளது என்பது தெரிந்துவிடும். சமூகப் பணியாளர்களுக்குத் தனி மன்றம் உண்டு. அவர்களை அங்கே சரிபார்க்க வேண்டும். வாழ்க்கைப் பயிற்சியாளர், ஆற்றல் சிகிச்சையாளர், ஆன்மிக ஆலோசகர் என்ற பெயர்களில் விளம்பரம் செய்பவர்கள் இந்த மன்றங்களுக்கு உட்பட்டவர்கள் அல்லர். அவர்களால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் முறையிட அத்தகைய மன்றம் எதுவும் இருக்காது.

திருஷ்டி கழிப்பதையும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதையும் விட்டுவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று எந்த நல்ல உளவியலாளரும் சொல்லமாட்டார். வேண்டுதலை நம்பி, மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. விரதத்துக்காக மருந்து நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் அதை அவரிடமே கேளுங்கள்.

படி 3: தனியாகவா, இருவராகவா, குடும்பமாகவா

இதை முடிவுசெய்ய ஒரு நேரான வழி உண்டு. துன்பம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல், அது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பாருங்கள். வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கம் வராமல், பசியில்லாமல், எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் வாடினால் தனிச் சிகிச்சையில் தொடங்கலாம். கணவன் மனைவி இருவரும் வெளியே இயல்பாகவும் சேர்ந்திருக்கும்போது மட்டும் கடுமையாகவும் இருந்தால் அது தம்பதியர் சிகிச்சைக்கு உரியது. மகன் பள்ளிக்குப் போக மறுப்பதும், தந்தை குடிப்பதும், பாட்டி சாப்பிட மறுப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒருவர் தேறினால் அடுத்தவர் விழுகிறார் என்றால், அங்கே குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது வேறு. எல்லோரும் சேர்ந்து ஒருவரைக் குற்றவாளியாக்கி, அவரை மட்டும் சரிசெய்து அனுப்பும்படி கொண்டுபோய் விடுகிறார்கள். பெரும்பாலும் அது வீட்டின் இளையவராகவோ புதிதாக வந்த மருமகளாகவோ இருக்கும். அனுபவமுள்ள சிகிச்சையாளர் இரண்டாவது சந்திப்பிலேயே மற்றவர்களையும் கூப்பிடுவார். அப்போது கோபித்துக்கொள்வதைவிட, முதல் தொலைபேசி அழைப்பிலேயே யார் யார் வர ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

படி 4: ஆளைத் தேர்ந்தெடுப்பது

உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் தமிழிலேயே உளச்சிகிச்சை தரக்கூடியவர்கள் மிகக் குறைவு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் இன்று ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள்; அவர்களுக்கு இது பெரிய தடையில்லை. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக வந்தவர்களுக்கும், ஆங்கிலம் தெரிந்தாலும் அழும்போது தமிழே வாயில் வருகிற முதியவர்களுக்கும்தான் சிக்கல். அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. தமிழ் தெரிந்த சிகிச்சையாளரை இணைய வழியில் பார்க்கலாம். அவர் வேறு நாட்டில் இருந்தால் இங்குள்ள மெடிக்கல் எய்ட் பணம் தராது என்பதையும் இங்குள்ள மன்றத்தில் அவர்மீது முறையிட முடியாது என்பதையும் தெரிந்தே செய்யுங்கள். இல்லாவிட்டால், உள்ளூர்ச் சிகிச்சையாளரிடம், தேவைப்படும் இடத்தில் தமிழில் சொல்லிவிட்டு அதன் பொருளை விளக்க அனுமதி கேளுங்கள். நல்லவர்கள் அதை வரவேற்பார்கள். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்காதீர்கள். தாயின் மணவாழ்க்கைத் துயரத்தை ஒரு பதினாலு வயது மகள் மொழிபெயர்ப்பது இருவருக்கும் தீங்கு.

இனி, தூரம். டர்பனைச் சுற்றி நம்மவர்கள் நெருங்கி வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் போன்ற இடங்களில் யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வழியில் உறவாகத்தான் இருப்பார்கள். சிகிச்சையாளரின் தாயார் உங்கள் கோயில் குழுவில் இருக்கலாம். வரவேற்பறையில் இருப்பவர் உங்கள் அண்ணியின் பள்ளித் தோழியாக இருக்கலாம். பண்பாடு தெரிந்தவர் வேண்டும் என்ற ஆசையும் முகம் தெரியாதவர் வேண்டும் என்ற ஆசையும் இங்கே மோதுகின்றன. என் பரிந்துரை: உறவுச் சிக்கலுக்கும் மது, போதைப் பிரச்சினைக்கும் சற்றுத் தள்ளிய பகுதியில் இருப்பவரையோ இணைய வழியையோ தேர்ந்தெடுங்கள், இறப்புத் துயரத்துக்கு நம் வழக்கம் தெரிந்தவரைத் தேடுங்கள். பதினாறாம் நாள் காரியம் ஏன் அவ்வளவு முக்கியம், ஓராண்டு ஏன் வீட்டில் நல்ல காரியம் நடக்கவில்லை என்பதையெல்லாம் துக்கத்தின் நடுவில் விளக்கிக்கொண்டிருக்கும் களைப்பு மிச்சமாகும்.

முதல் அழைப்பில் அல்லது வாட்ஸ்அப் செய்தியில் கேட்க வேண்டியவை இவை:

- உங்கள் பதிவுப் பிரிவு எது? தம்பதியருடனோ குடும்பத்துடனோ வேலைசெய்யத் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?
- ஒரு சந்திப்புக்கு எவ்வளவு? மெடிக்கல் எய்டுக்கு நீங்களே பில் அனுப்புவீர்களா, நான் கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டுமா?
- வர முடியாவிட்டால் எவ்வளவு நேரத்துக்கு முன்பு சொல்ல வேண்டும்?
- மாலையிலோ சனிக்கிழமையிலோ நேரம் உண்டா?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மருத்துவரிடம் விலை பேசக் கூடாது என்ற பழைய தலைமுறையின் கூச்சம் இதில் உதவாது. பதில் சொல்லத் தயங்குபவரைத் தாண்டிப் போங்கள்.

படி 5: பணமும் மெடிக்கல் எய்டும்

உளவியலாளர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வைக்கிறார்கள். ஐம்பது முதல் அறுபது நிமிடச் சந்திப்புக்கு ஆயிரம் ரண்டை ஒட்டியும் அதற்கு மேலும் கேட்பது வழக்கமாகிவிட்டது. தம்பதியருக்கும் குடும்பத்துக்கும் நீண்ட சந்திப்பு தேவைப்படுவதால் கூடுதலாக இருக்கும். மெடிக்கல் எய்ட் தன் விகிதப்படிதான் தரும். மீதி உங்கள் கையிலிருந்து போகும்.

பலருக்குத் தெரியாத ஒரு பகுதி இங்கே உண்டு. தெரியாததால் மாதக்கணக்கில் கைப்பணம் செலவழித்தவர்கள் ஏராளம். 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்கீழ், குறைந்தபட்சக் கட்டாயப் பயன்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லோரும் அதைப் பிஎம்பி என்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ள நோய்நிலைகளுக்கு, மருத்துவமனை மட்டும் என்ற மலிவான திட்டத்தில் இருப்பவருக்கும்கூட, மெடிக்கல் எய்ட் பணம் தந்தாக வேண்டும். அதை மெடிக்கல் எய்டுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கவும் கூடாது. மனநலத்தில் முக்கியமானவை:

- கடும் மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு மூன்று வாரம்வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது அதற்குப் பதிலாக 15 வெளிநோயாளிச் சந்திப்புகள்வரை.
- அண்மையில் நேர்ந்த பெரும் அதிர்ச்சியைத் தொடர்ந்து வரும் கடும் மன அழுத்த நிலைக்கு மூன்று நாள்வரை மருத்துவமனை, அல்லது 12 வெளிநோயாளிச் சந்திப்புகள்வரை. உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறையும் இதில் அடங்கும்.
- தற்கொலை முயற்சிக்குப் பிறகு மூன்று நாள்வரை மருத்துவமனை, அல்லது 6 வெளிநோயாளிச் சந்திப்புகள்வரை.

கார் கடத்தலையோ வீடு புகுந்த கொள்ளையையோ சந்தித்தவர்கள், 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் ஆகியோரில் எத்தனை பேர் இந்தப் பன்னிரண்டு சந்திப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இது தானாகக் கிடைக்காது. சிகிச்சையாளரோ மருத்துவரோ நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டு முறையான ஐசிடி-10இன் சரியான குறியீட்டுடன் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். திட்டம் நியமித்த சேவையாளர் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசத் தொகை உங்கள் தலையில் விழும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்கள் மன்றத்திடம் முறையிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கக்கூடும். மெடிக்கல் இன்சூரன்ஸ் என்று விற்கப்படும் மலிவான காப்பீடுகளுக்கு இந்தக் கட்டாயப் பட்டியல் பொருந்தாது; உங்களிடம் இருப்பது எது என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவன் மனைவி உறவுச் சிக்கல் என்ற குறியீடு இசட் 63.0. அது கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகவே தம்பதியர் சிகிச்சைக்குச் சேமிப்புக் கணக்கையோ கைப்பணத்தையோ நம்ப வேண்டியிருக்கும். பணம் வரவேண்டும் என்பதற்காக, இல்லாத மனச்சோர்வை ஒருவர் பெயரில் எழுதித் தரும்படி சிகிச்சையாளரைக் கேட்காதீர்கள். அது மோசடி என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் குறியீடு அவருடைய மருத்துவ ஆவணத்தில் தங்கிவிடும். பின்னாளில் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வசதி இல்லாதவர்களுக்கும் வழிகள் உண்டு. ஃபாம்சா என்ற குடும்ப நல அமைப்பு, வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தில் தம்பதியருக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை தருகிறது. பல்கலைக்கழக உளவியல் துறைகளில், மூத்தவர்களின் மேற்பார்வையில் பயிற்சி உளவியலாளர்கள் குறைந்த செலவில் பார்ப்பதுண்டு. வேலை செய்யும் நிறுவனத்தில் ஊழியர் நலத் திட்டம் இருந்தால் சில சந்திப்புகள் இலவசம். அரசு மருத்துவமனையில் பார்க்க வேண்டுமானால் உங்கள் பகுதிக் கிளினிக்கில் கடிதம் வாங்கிச் செல்ல வேண்டும்.

படி 6: பேசியது யார் காதுக்கு எட்டும்

வரவேற்பறையில் உங்களிடம் ஒரு படிவம் தருவார்கள். இரண்டு அல்லது மூன்று பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே முதன்மை உறுப்பினர் என்று ஒரு கட்டம் இருக்கும். மெடிக்கல் எய்ட் கணவரின் பெயரில் இருந்தால் அங்கே அவருடைய பெயர், அடையாள எண், மின்னஞ்சல் எல்லாம் எழுதப்படும். அடுத்த பக்கத்தில், குறியீடுகளைத் திட்டத்துக்கு அனுப்ப ஒப்புதல் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்திடுவதற்கு முன்பு அங்கே நில்லுங்கள். மாத இறுதியில் முதன்மை உறுப்பினருக்குப் போகும் ஸ்டேட்மென்டில் யார், எந்தத் தேதியில், யாரிடம் போனார் என்பது வரக்கூடும். கணவருக்குத் தெரியாமல் ஆலோசனைக்குப் போன மனைவியும், தந்தைக்குத் தெரியாமல் போன இருபது வயது மகனும் பிடிபடுவது இங்கேதான். சிகிச்சையாளர் ஒரு வார்த்தையும் வெளியிட்டிருக்கமாட்டார்.

இதற்கு முன்கூட்டியே வழி தேடுங்கள். வயதுவந்த சார்ந்தோரின் விவரங்களைத் தனியே மறைத்து அனுப்ப முடியுமா என்று திட்டத்திடம் தொலைபேசியில் கேளுங்கள். முடியாது என்றால், மறைக்க வேண்டிய சந்திப்புகளுக்கு மெடிக்கல் எய்டைத் தொடாமல் பணமாகக் கட்டுங்கள்.

சிகிச்சையாளர் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதை வலியுறுத்துகிறது. ஆயினும் அந்தக் கடமைக்கு எல்லைகள் உண்டு, அவற்றை முதல் சந்திப்பிலேயே அவர் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தை அடித்துக் காயப்படுத்தப்படுகிறது, பாலியல் கொடுமைக்கு உள்ளாகிறது, வேண்டுமென்றே கவனிப்பின்றி விடப்படுகிறது என்று தக்க காரணத்தோடு அவர் முடிவுக்கு வந்தால் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டமும் அப்படித்தான்: பாட்டியின் உதவித்தொகை அட்டையைப் பேரன் பிடுங்கி வைத்துக்கொண்டு அவரை மிரட்டுகிறான் என்று தெரியவந்தால் அது வீட்டு விவகாரம் என்று விட்டுவிட முடியாது. உயிருக்கு ஆபத்து என்றாலும், நீதிமன்றம் உத்தரவிட்டாலும் அவர் பேச வேண்டியிருக்கும்.

இவற்றுக்கு அப்பால், "மகள் என்ன சொன்னாள்?" என்று தாய் தொலைபேசியில் கேட்டால் அவர் சொல்லமாட்டார். பணம் கட்டுவது நான்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

படி 7: முதல் சந்திப்பு

முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் சிகிச்சை அல்ல; மதிப்பீடு. எப்போது தொடங்கியது, முன்பு இப்படி வந்ததுண்டா, என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள், தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்பார். மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். தைராய்டு, நீரிழிவு, இரத்த அழுத்தம் எல்லாம் மனநிலையோடு தொடர்புடையவை. பலர் அந்த ஒரு மணி நேரத்திலேயே தீர்வு வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். சிகிச்சையாளர் அறிவுரை சொல்லாமல் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருப்பது, பெரியவர்களிடம் போய்த் தீர்ப்புக் கேட்டுப் பழகிய நமக்கு விந்தையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பின் முடிவில் நீங்கள் அவரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்: என் பிரச்சினையை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள், எந்த முறையில் வேலை செய்யப்போகிறோம், சுமாராக எத்தனை சந்திப்புகள்? எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் சில மாதங்களுக்குள் அடங்கும். இளமைக்கால உறவுகளை ஆராயும் உளஇயக்க முறை நீளும். கார் கடத்தலுக்குப் பிறகு அதே சிக்னலில் வண்டியை நிறுத்த முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு, அச்சமூட்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் பயிற்சி தரப்படலாம். உடலைத் தளர்த்தி, அச்சத்தைச் சிறு சிறு படிகளாக்கி அணுகும் முறையை 1950களில் உருவாக்கியவர் ஜோகன்னஸ்பர்கில் பிறந்த ஜோசப் வோல்பே; போரில் மனம் குலைந்த படைவீரர்களைப் பார்த்த இராணுவ மருத்துவர் அவர். அவரோடு பணியாற்றிய ஆர்னால்ட் லாசரஸும் ஜோகன்னஸ்பர்க்காரர்தான். இது ஏதோ ஐரோப்பிய இறக்குமதி என்று முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

படி 8: தம்பதியராகப் போகும்போது

முதலில் ஒரு தடை. வீட்டில் அடிதடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்தல் ஆகியவை நடந்துகொண்டிருந்தால் தம்பதியர் சிகிச்சை சரியான தொடக்கம் அல்ல. அச்சத்தில் இருப்பவர் அறைக்குள் உண்மையைச் சொன்னால் காரில் திரும்பும்போதே அதற்கு விலை கொடுக்க நேரிடலாம். அத்தகையவர் தனியாக உதவி பெற வேண்டும். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை.

அச்சம் இல்லாத இடத்தில், தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் தனியாகச் சொல்லும் இரகசியத்தைச் சிகிச்சையாளர் என்ன செய்வார்? சிலர், தனியே சொல்வதையும் இருவர்முன் கொண்டுவர வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள், சிலர் காப்பாற்றுவார்கள். வேறு உறவு இருப்பதை மறைத்துக்கொண்டு வருபவருக்கு இது பெரிய வேறுபாடு.

அறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மனைவி சொல்கிறார்: "நான் பேச ஆரம்பித்தாலே இவர் போனை எடுத்துக்கொள்கிறார்." கணவர் உடனே, "பேசினால் சண்டைதான் வருகிறது, அதனால்தான் எடுக்கிறேன்" என்கிறார். மனைவியின் குரல் உயர்கிறது. கணவர் சன்னலைப் பார்க்கிறார். சிகிச்சையாளர் அங்கேயே நிறுத்துகிறார். யார் சொல்வது சரி என்று அவர் கேட்கவில்லை. கணவரிடம், "இவர் குரல் உயர்ந்ததும் உங்கள் உடம்பில் என்ன நடந்தது?" என்று கேட்கிறார். சற்று நேரம் கழித்துக் கணவர், "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது" என்கிறார். மனைவிக்கு அது புதிய செய்தி. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அதை அலட்சியம் என்றே எண்ணியிருந்தார். ஒருவர் துரத்துவதும் மற்றவர் விலகுவதும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழற்சியைத்தான் இன்றைய தம்பதியர் சிகிச்சை முறைகள் பல முதல் இலக்காகக் கொள்கின்றன.

மாமியார் வீட்டு விருந்து, ஊரில் உள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புவது, பெர்த்துக்கோ லண்டனுக்கோ குடிபெயர்வதா என்ற முடிவு ஆகியவை நம் தம்பதியரிடையே திரும்பத் திரும்ப வருபவை. இவற்றைச் சிறிய விஷயம் என்று நினைத்துச் சொல்லாமல் விடாதீர்கள். சிகிச்சையாளர் உங்கள் பெற்றோரைத் தள்ளிவைக்கச் சொல்கிறார் என்று தோன்றினால் அதையும் அங்கேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மணமுறிவை நோக்கிப் போகிறது என்றால் ஒரு எச்சரிக்கை. உங்களுக்குச் சிகிச்சை தந்தவரே குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு மதிப்பீடு எழுதக் கூடாது. அவை இரண்டும் வெவ்வேறு பணிகள். அதற்குத் தனியாக ஒருவரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளின் நலனைப் பார்க்க நீதிமன்றத்தோடு இணைந்த குடும்ப வழக்கறிஞர் அலுவலகமும் இருக்கிறது.

படி 9: குடும்பமாகப் போகும்போது

யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையே நல்ல குடும்பச் சிகிச்சையாளர் கவனிப்பார். பேரனிடம் கேட்ட கேள்விக்குப் பாட்டி பதில் சொல்வதும், தாய் வாய் திறப்பதற்குமுன் தந்தையைப் பார்ப்பதும் அவருக்குத் தகவல்கள். மூன்று தலைமுறைகளை வரைபடமாக வரையச் சொல்லி, யார் யாரோடு பேசுவதில்லை, யார் எப்போது இறந்தார், யார் எங்கே குடிபெயர்ந்தார் என்று குறிக்கச் சொல்வார். 1960களில் நிறவெறி ஆட்சியால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தெறியப்பட்ட குடும்பங்களில், தாத்தா ஏன் எந்தப் பொருளையும் தூக்கியெறியவிடமாட்டார் என்பது அந்தத் தாளில்தான் சில சமயம் தெளிவாகிறது.

பெரியவர்களை அழைத்துவருவதற்கு, உங்களிடம் குறை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். "பெரியப்பா, நீங்கள் சொன்னால்தான் அவருக்குப் பழைய கதை புரியும், ஒரு தடவை மட்டும் வாங்க" என்று கேட்டால் வருவார்கள். அது பொய்யும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில், 12 வயதைக் கடந்து, போதிய முதிர்ச்சியும் இருந்தால் மருத்துவச் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்று குழந்தைகள் சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைந்த வயதினருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்ப வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் பெரும்பாலான சிகிச்சையாளர்கள் இருவரின் கையெழுத்தையும் கேட்பார்கள். பதின்வயதுப் பிள்ளை பேசுவதில் எதைப் பெற்றோரிடம் சொல்வது என்று முதல் நாளே மூவரும் சேர்ந்து வகுத்துக்கொள்வது வழக்கம்.

சுகர்ஸ் போன்ற போதைப் பழக்கத்துக்குக் குடும்பச் சிகிச்சை மட்டும் போதாது. ஹெராயின் கலந்த அந்தப் பொருளை விடும்போது உடல் படும் பாட்டுக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். அதற்கு மருத்துவரையோ, மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் சான்கா போன்ற அமைப்பையோ முதலில் நாடுங்கள். குடும்பச் சந்திப்புகள் அதற்குப் பிறகும் அதனோடு சேர்ந்தும் நடக்கலாம். பணம் கொடுக்காதே என்று தந்தை சொல்ல, தாய் புடைவை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வீடுகளில் அந்தச் சந்திப்புகளுக்கு நிறைய வேலை இருக்கிறது.

படி 10: நடுவில் மதிப்பிடுவதும் நிறுத்துவதும்

ஆறு அல்லது எட்டு சந்திப்புகளுக்குப் பிறகு, தொடங்கியபோது சொன்ன குறிக்கோளை எடுத்துவைத்துச் சிகிச்சையாளரோடு பேசுங்கள். சில வாரங்கள் மோசமாவதுபோலத் தோன்றுவது இயல்பு. புதைத்துவைத்ததைப் பேசும்போது தூக்கம் கெடும். ஆனால் மாதங்கள் போயும் எதுவும் நகரவில்லை என்றால், முறையை மாற்றலாமா, மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்க்கலாமா, வேறு ஒருவரிடம் அனுப்புகிறீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை. நம்மவர்கள் இதைக் கேட்காமல், தொலைபேசியை எடுக்காமல் மறைந்துவிடுகிறார்கள். அவர் மனம் நோகுமே என்று அஞ்ச வேண்டாம். இது அவருடைய தொழில்.

சிகிச்சையாளர் உங்களோடு வணிகம் பேசினால், கடன் கேட்டால், தனிப்பட்ட உறவுக்கு முயன்றால், அவர் பதிவுசெய்திருக்கும் மன்றத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். சிகிச்சை பெறுபவரோடு பாலுறவு எந்தச் சூழலிலும் ஒழுக்க விதிமீறல். ஒப்புதல் இருந்தது என்பது அவருக்குத் தற்காப்பு ஆகாது.

நிறுத்த முடிவுசெய்தால் அதைக் குறைந்தது ஒரு சந்திப்புக்கு முன்பே சொல்லி, கடைசிச் சந்திப்பை அதற்காகவே ஒதுக்குங்கள். திரும்ப வரும் அறிகுறிகள் எவை, வந்தால் முதலில் என்ன செய்வது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறிப் போகிறீர்கள் என்றால் அடுத்தவருக்கு ஒரு சுருக்கக் கடிதம் கேளுங்கள். உங்கள் பதிவேடுகளைக் கடைசியாகப் பயன்பட்ட நாளிலிருந்து குறைந்தது 6 ஆண்டுகளும், சிறுவர்களுடையதை அவர்களுக்கு 21 வயது ஆகும்வரையும் அவர் வைத்திருக்க வேண்டும் என்பது எச்பிசிஎஸ்ஏ மன்றத்தின் வழிகாட்டுதல். அதற்குள் திரும்பிப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.